ஓடைக்கரை உடன்படிக்கை

இருதயநாதன் வாத்தியார் பேசி முடித்தபோது கைதட்டல் நன்றாகவே விழுந்தது. ஐம்பத்தேழாம் வருஷம். ஆடிக்காற்று புழுதியை வாரி வாசகசாலை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'இரண்டாம் உலகப் போர் ஏன் மூண்டது' என்பது பேச்சின் தலைப்பு. திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினாலு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறவர் அவர். தேதிகளெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஹிட்லர் என்கிற ஒரு வெறியன் பிறக்காமல் இருந்திருந்தால் அத்தனை கோடி உயிர் போயிருக்காது என்று குரலை உயர்த்தி முடித்துவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கைலி, வெள்ளைச் சட்டை. விரல்கள் பத்தும் பட்டைச் சாயம் ஏறிப் பழுத்திருந்தன. தோல் பதனிடுகிற ஷாப்போடு சம்பந்தப்பட்ட ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சார், எல்லாத்தையும் ஒரு மனுசன் தலையில போட்டுட்டோம்னா, அவன் பின்னால போன ஆறு கோடிச் சனத்தை எங்க வைக்கிறது? அம்புட்டுப் பேரும் வெறியங்களா?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதுபோல இருந்தது. அதுதான் வாத்தியாருக்கு இன்னும் உறைத்தது. நேரமாகிவிட்டது, பிறகு பேசுவோம் என்று சமாளித்துவிட்டார். ஆனால் கூட்டம் கலைந்ததும் வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தவரைப் போய்ப் பிடித்தார். பிடிக்கும்போது கோபம்தான். ஒரு மணி நேரம் கழித்து, அதே சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் வத்தலக்குண்டு ரோட்டு டீக்கடை வரை நடந்திருந்தார்கள்.

அந்த மனிதர் பெயர் அப்துல் சுக்கூர். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அகரம் பக்கத்து ஊர்களிலும் வடமதுரைப் பக்கத்துக் காடுகரைகளிலும் போய்ப் பட்டை வாங்கி, வண்டியேற்றி, ஊரில் உள்ள தோல் ஷாப்புகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஊர்க்காடுகளில் 'பட்டை பாய்' என்றால் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன்னால் பட்டாளம். நாற்பதாம் வருஷம் பிழைப்புக்கு வழியில்லாமல் போய்ச் சேர்ந்து, லாரி ஓட்டி, ஆப்பிரிக்காவில் தொப்ரூக் துறைமுகம் ஜெர்மன்காரர்களிடம் விழுந்த அன்று எதிரி கையில் சிக்கினார். இத்தாலியில் ஒரு வருஷம் முள்கம்பிக்குள். பிறகு ஜெர்மனி. அங்கே ஒரு சின்ன ஊரில், குதிரைச் சேணம் தைக்கிற பட்டறை ஒன்றில் கைதி வேலை. தோல் ஊரில் பிறந்த கை என்பதால் வேலை சீக்கிரம் படிந்தது. பட்டறைக்காரர் யோகான் என்ற கிழவர். ஒன்றரை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்ததில் அந்தப் பாஷையும் ஓரளவு வந்துவிட்டது.

"நல்ல மனுசன் சார்," என்றார் சுக்கூர். "தான் குடிக்கிற கஞ்சியில எனக்கும் ஊத்துவாரு. ஆனா அந்த ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டதும் அவர்தான். இது ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குள்ள இருந்துச்சுன்னு பத்துப் பன்னெண்டு வருசமா யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

அந்த யோசனையை அவர் சும்மா விடவில்லை என்பது போகப் போகத்தான் வாத்தியாருக்குத் தெரிந்தது. பகலெல்லாம் பட்டைக்கு அலைகிற மனிதர், ஞாயிறுதோறும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூலகத்தில் கிடைத்த ஆங்கிலப் புத்தகங்களை வரி வரியாகப் படித்திருந்தார். தேதிகள் தப்பும். பெயர்களை அவர் உச்சரிக்கிற விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எதன் அடியில் எது கிடக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது. போலந்துக்குள் படை நுழைந்ததைப் போரின் காரணம் என்று வாத்தியார் சொன்னால், அது தீப்பற்றிய நேரம்தானே, வைக்கோல் எப்போது காய்ந்தது என்று கேட்பார். முதல் போரில் ஜெயித்தவர்கள் எழுதிய ஒப்பந்தம், அதன் பிறகு வந்த பஞ்சம், வேலையில்லாமல் தெருவில் நின்ற அறுபது லட்சம் பேர், சண்டையைத் தடுக்க என்று சபை வைத்துக்கொண்டு ஒரு நாடு இன்னொரு நாட்டை விழுங்கும்போது தீர்மானம் மட்டும் போட்ட பெரியவர்கள், இப்படி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவார்.

இங்கிலாந்தையும் அவர் விடவில்லை. நம் ஊரில் ஒருத்தரிடம்கூடக் கேட்காமல், இந்தியாவும் சண்டையில் இருக்கிறது என்று வைஸ்ராய் அறிவித்தாரே, அதுவும் காரணத்தில் சேர்த்திதான் என்பார். தேசங்களைக் கைக்குள் வைத்திருந்தவர்கள் விடமாட்டேன் என்றார்கள். வைத்திருக்காதவர்கள் எனக்கும் அதேபோல வேண்டும் என்றார்கள். வயிற்றுக்காகப் போய்ச் சேர்ந்த தன்னைப் போன்றவர்கள் நடுவில் லாரி ஓட்டினார்கள். இதைச் சொல்லும்போதும் அவர் குரலில் கசப்பு இருக்காது. பதினாலு வருஷம் பாடம் நடத்திய தனக்கு இது ஏன் இப்படிக் கோவையாகத் தோன்றவில்லை என்று வாத்தியார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில் முதலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. பிறகு அது தானாகக் கரைந்துபோனது.

அடுத்த வருஷம் பங்குனியில் கரட்டுப்பட்டிக்காரர் ஒருவர் வாத்தியாரைத் தேடி வந்தார். பெயர் தங்கமுத்து. அவர் மகன் வாத்தியாரிடம் படித்தவன். அகரத்துக்கு அந்தப்பக்கம் கரட்டுப்பட்டி, ஓடைக்கரை என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் ஒரே கண்மாய். கண்மாய் இருப்பது கரட்டுப்பட்டி எல்லையில். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர்கள் கையில். போன தையில் ஓடைக்கரை நெல் கதிர்விடப் பொதிகட்டுகிற நேரத்தில், தங்களுக்கே போதாது, தண்ணீர் விடமாட்டோம் என்று மடையை அடைத்துவிட்டார்கள். இருபத்தோரு நாள் ஓடைக்கரைக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள். பயிர் கண்முன்னால் கருகியது. ஒரு நாள் ஓடைக்கரை ஆண்கள் திரண்டுபோய்க் கரையையே வெட்டிவிட்டார்கள். கண்மாய் மொத்தமும் ஓடை வழியாகப் போய்விட்டது, இரண்டு ஊருக்கும் இல்லாமல். தடுக்கப்போன தங்கமுத்துவின் தம்பி சோலைமலைக்கு வலது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கேஸ் சீக்கிரமே முடிந்து ஓடைக்கரை ஆட்கள் ஆறு பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

இப்போது ஓடைக்கரைக்காரர்கள் சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். வந்துதானே ஆகவேண்டும், வரப்போகும் மழைக்குக் கரை இல்லை. தங்கமுத்து சொல்லச் சொல்ல வாத்தியார் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். சட்டம் படித்தவர்போல எழுத வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை உண்டு. வார்த்தைகளைத் தேடித் தேடிப் போட்டார். கரை உடைந்ததற்கும் அதனால் விளைந்த சகல நஷ்டங்களுக்கும் ஓடைக்கரை ஊராரே முழுப் பொறுப்பு என்பது முதல் ஷரத்து. அவர்களே தனியாகக் கரையைக் கட்டித் தரவேண்டும். பத்து வருஷத்துக்குக் கண்மாய் மீனில் பங்கு இல்லை, மடை விஷயத்தில் பேச்சு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் தோளில் துண்டு இல்லாமல் கரட்டுப்பட்டி ஊர்ப்பொது மந்தைத் திடலுக்கு வந்து எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடவேண்டும். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்றுதான் வாத்தியாருக்குத் தோன்றியது.

மந்தைக்குப் போகும் முன்னால் காகிதத்தை இரண்டு தரப்பும் படித்துப் பார்த்துக்கொள்ள, அகரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கூடினார்கள். இரண்டு ஊரிலும் பட்டை வாங்குகிறவர், யாருக்கும் வேண்டாதவர் இல்லை என்பதால் சுக்கூரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கரட்டுப்பட்டியிலிருந்து தங்கமுத்துவும், கட்டுப்போட்ட கையோடு சோலைமலையும், இன்னும் பத்துப் பேரும். ஓடைக்கரையிலிருந்து நாலு கிழவர்கள். அவர்களோடு ஜக்கம்மாள் என்ற பெண்பிள்ளை ஒருத்தி. அவள் புருஷன் ஜெயிலில் இருந்தான். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் ஜெயிலுக்கு வெளியே இருந்தது அவள் ஒருத்திதான்.

வாத்தியார் காகிதத்தை உரக்க வாசித்தார். ஓடைக்கரைக் கிழவர்கள் தலை குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.

"போடுறோம்," என்றாள். "வேற என்ன வழி இருக்கு. ஒரு நகல் மட்டும் குடுங்க. எம் மகனுக்கு ஏழு வயசு. இதை மனப்பாடம் பண்ண வைக்கணும்."

தங்கமுத்து அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு பேனாவை நீட்டினார். சுக்கூர் கையை நீட்டிக் காகிதத்தைக் கேட்டார். நிதானமாகப் படித்தார். பிறகு வாத்தியார் பக்கம் சாய்ந்து, மற்றவர் காதில் விழாதபடி கேட்டார்.

"சார், இந்த மொத ஷரத்து நீங்க வகுப்புல நடத்துறதுதானே?"

வாத்தியார் காகிதத்தை வாங்கி முதல் ஷரத்தை மறுபடி படித்தார். அப்போதுதான் விளங்கியது. போருக்கும் அதனால் விளைந்த சகல நஷ்டங்களுக்கும் ஜெர்மனியே பொறுப்பு என்று பத்தொன்பதாம் வருஷம் எழுதி வாங்கினார்களே, அந்த இருநூற்று முப்பத்தொன்றாவது ஷரத்தை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் அவர். அதையே தன் கைப்பட, அழகான எழுத்தில், இன்னொரு தடவை எழுதி வைத்திருக்கிறார். தோற்றவர்களை அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் கூட்டிவந்து நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை உணர்ச்சியோடு வர்ணிப்பார். மந்தையில் துண்டில்லாமல் நிற்கச் சொல்லி எழுதியதும் அவர்தான்.

சுக்கூர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, தங்கமுத்துவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சேணம் தைத்த கிழவரின் கதையைத்தான் சொன்னார். முதல் போரில் தோற்ற நாடு அது. தோற்றது சரி. சண்டையை ஆரம்பித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் அந்தக் கிழவரே மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவர்கள், எல்லாத் தப்பும் உன்னுடையது மட்டும்தான் என்று எழுதி அதன் அடியில் கையெழுத்து வாங்கினார்கள். வருஷக்கணக்காகத் தண்டம் கட்டச் சொன்னார்கள். கட்டுவதற்குள் பணமே காகிதமாகிப்போய், ஒரு சேணம் விற்ற காசு ஒரு ரொட்டிக்குக் காணவில்லை. கொஞ்சம் மூச்சுவிடும்போது உலகம் பூராவும் பஞ்சம் வந்தது. அந்த நேரத்தில் ஒருவன் வந்தான். அவனிடம் புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கையெழுத்தை ஞாபகப்படுத்தியதுதான் அவன் செய்த பெரிய வேலை. நீ தோற்கவேயில்லை, உன்னை உள்ளே இருந்து காட்டிக்கொடுத்தார்கள் என்றான். காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று பக்கத்து வீட்டு யூதரைக் காட்டினான்.

"அந்த யோகானுக்கு இருபது வருசமாத் தோல் குடுத்தவரு ஒரு யூதருதான் அண்ணே. அவரு கடையை உடைச்சப்ப இவரு உள்ள தையல் போட்டுக்கிட்டிருந்தாராம். சத்தம் கேட்டுச்சு, வெளிய வரலைன்னாரு. அதைச் சொல்லிட்டு ஊசியைக் கீழ வச்சிட்டாரு. கெட்டவங்க மட்டும் சேந்து அம்புட்டுப் பெரிய சண்டையை நடத்தியிருக்க முடியாது. மனசுல ஒரு காயத்தைப் பொத்தி வச்சிருந்த சாதாரண ஆளுக வேணும். அந்த ஆளுகளை உண்டாக்குனதுல அந்தக் காகிதத்துக்கும் பங்கு இருக்கு."

தங்கமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. தன் தம்பி கையை உடைத்தவர்களை வெற்றிலை பாக்கு வைத்து வழியனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குத் திரும்பவும் கரையை வெட்டுவார்கள், அதற்குப் பட்டை பாய் வந்து காவல் இருப்பாரா என்றார்.

நியாயமான கேள்வி. சுக்கூர் அதை எதிர்பார்த்தவர்போலத் தலையாட்டினார்.

"அதுவும் நடந்துச்சு அண்ணே. அந்த ஆள் ஒப்பந்தத்தை மீறிப் படையை நகத்துனான், ஜெயிச்சவுக சும்மா இருந்தாங்க. பக்கத்து நாட்டை எடுத்தான், சும்மா இருந்தாங்க. இன்னொரு நாட்டுல ஒரு துண்டை, அந்த நாட்டுக்காரனையே கேக்காம, இவுகளே பிச்சுக் குடுத்தாங்க. இதோட அடங்கிருவான்னு நம்புனாங்க. எழுதுறப்ப ரொம்ப இறுக்குனவுக, காவல் காக்க வேண்டிய நேரத்துல தூங்கிட்டாங்க. நான் விட்டுக்குடுக்கச் சொல்லலை. மூஞ்சியில கரி பூசாதீங்க, மடையை மட்டும் இறுக்கிப் பூட்டுங்கன்னு சொல்றேன்."

அதன் பிறகு நடந்த பேச்சு மத்தியானம் தாண்டியும் ஓடியது. சண்டைதான் அதிகம். கரட்டுப்பட்டிக்காரர் இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். ஓடைக்கரைக் கிழவர் ஒருவர், மடையை அடைத்ததும் தப்புதான் என்று எழுதினால் ஒழியக் கையெழுத்து இல்லை என்று திடீரென்று முறுக்கிக்கொண்டார். தங்கமுத்து அதற்கு அசையவே இல்லை. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத சோலைமலை பேசினார்.

"அண்ணே, இருபத்தோரு நாள் அடைச்சோம். அதுல ஒரு நாள் நானே மடை மேல உக்காந்திருந்தேன். இந்த அம்மா வந்து கேட்டுச்சு. நான் பீடி குடிச்சிக்கிட்டு வேற பக்கம் பாத்தேன்." ஜக்கம்மாளை அவர் நேராகப் பார்க்கவில்லை. "கை என்னோடது. எழுதச் சொல்லுங்க."

கை முறிந்தவரே சொன்னபிறகு மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது. வாத்தியார் பழைய காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புதிதாக எழுதினார். பயிர் காயும்போது மடையை அடைத்தது தவறு; கரையை வெட்டியது அதைவிடப் பெரிய தவறு. கரை வேலையில் மூன்றில் இரண்டு பங்கு ஓடைக்கரை, ஒரு பங்கு கரட்டுப்பட்டி. சோலைமலையின் கை கூடும் வரை அவர் நிலத்தில் உழுவதும் அறுப்பதும் ஓடைக்கரைக்காரர் பொறுப்பு. மடைக்கு இரண்டு பூட்டு, ஊருக்கு ஒரு சாவி. எந்த ஊர் ஆள் தனியாகக் கை வைத்தாலும், முதலில் அவன் ஊரே அவனைப் பிடித்து நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தப் போகத்துக்கு அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை. இந்தக் கடைசி ஷரத்தைச் சுக்கூர் விட்டுக்கொடுக்கவே இல்லை. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம் என்றார். கையெழுத்து அங்கேயே தோப்பில், எல்லார் தோளிலும் துண்டோடு நடந்தது. நகல் கேட்டவளுக்கு வாத்தியாரே ஒன்று எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கும்போது முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

ஆவணியில் ஜக்கம்மாளின் புருஷன் விடுதலையாகி வந்தான். அவன் வருவதைப் பற்றி இரண்டு ஊரிலும் பயம் இருந்தது. முரட்டு ஆள். ஜெயிலில் இருந்தபோதே, வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். வீட்டுக்கு வந்தவன் அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொன்னான். ஜக்கம்மாள் படித்தாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னான். மடையை அடைத்தது தவறு என்ற வரியில் நிறுத்தி, இதை அவர்களே ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டான். ஒத்துக்கொண்டார்கள், சோலைமலைதான் முதலில் சொன்னார் என்றாள். இரண்டு நாள் காடுகரையெல்லாம் திரிந்தான். மூன்றாம் நாள் காலையில் ஏர் பூட்டிக்கொண்டு சோலைமலையின் நிலத்தில் போய் இறங்கினான். சோலைமலையின் பெண்டாட்டி வரப்பில் கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாளாம். அதை அவன் தொடவில்லை. அறுப்பு சமயத்தில் குடித்தானாம். சுக்கூர் பட்டைக்குப் போன இடத்தில் அவன் கஞ்சி குடித்ததைக் கேள்விப்பட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்து வாத்தியாரிடம் சொன்னார். மூச்சு வாங்கியது. முகம் பூரித்துக் கிடந்தது.

மழை பொய்த்த ஒரு வருஷமும் இடையில் வந்தது. கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். கரட்டுப்பட்டி இளவட்டங்கள் நாலு பேர் சம்மட்டியோடு ஓடைக்கரைப் பூட்டை உடைக்கக் கிளம்பினார்கள். தங்கமுத்து ஒரு கயிற்றுக்கட்டிலைக் கொண்டுபோய் மடை மேல் போட்டு நாலு நாள் அங்கேயே படுத்துக் கிடந்தார். நாலாம் நாள் ஜக்கம்மாள் தன் ஊர்ச் சாவியோடு வந்தாள். இருந்த தண்ணீரை இரண்டு ஊரும் பாதிப் பாதியாகப் பாய்ச்சின. இரண்டு ஊரிலும் பாதிப் பயிர் போனது. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

வாத்தியார் பாடம் நடத்துகிற முறை அந்த வருஷங்களில் மாறிப்போனது. போலந்தில் ஆரம்பிக்காமல் இருபது வருஷம் பின்னால் ஆரம்பிப்பார். சேணம் தைக்கிறவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்திருப்பார்கள் என்று கேட்பார். மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். அவரிடம் படித்தவர்கள் பரீட்சையில் இரண்டு பக்கத்துக்குப் பதில் நாலு பக்கம் எழுதிவிட்டு நேரம் போதவில்லை என்று வந்து நிற்பார்கள். சுக்கூரை வகுப்பில் வந்து பேசச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டார். தனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று சுக்கூர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

அறுபத்திரண்டு கடைசியில், சீனாக்காரன் எல்லையில் இறங்கிய மாதம். ஊரே ரேடியோவைச் சுற்றி நின்றது. தெருவுக்கு ஒரு வெறியனைக் கண்டுபிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் டீக்கடையில் சுக்கூரோடு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றை அன்றைக்குக் கேட்டார். அந்தத் தென்னந்தோப்பில் எழுதியதுபோலப் பத்தொன்பதாம் வருஷம் அவர்களும் எழுதியிருந்தால், அந்தப் பெரிய போர் வந்தே இருக்காது, இல்லையா?

சுக்கூர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியலை சார். வந்திருக்காதுன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா ஒரே காரணம்னு சொன்னா, நீங்க அன்னைக்கு ஒரே ஆளுன்னு சொன்ன மாதிரி ஆயிரும். கம்மாய்ல ரெண்டு ஊரு. ரெண்டு பக்கமும் இருக்கிறவுக மூஞ்சியை எனக்குத் தெரியும். உலகத்துல யாரு மூஞ்சியை யாருக்குத் தெரியுது?"

ஆசைப்பட்ட பதிலைக்கூடத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளாத மனிதரை வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார். சரித்திரம் படித்தவர் என்று தன்னை ஊர் சொல்லும்போதெல்லாம் அவருக்கு இந்த முகம்தான் ஞாபகம் வரும். ரேடியோவில் செய்தி முடிந்து அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். வடமதுரையிலிருந்து பட்டை வண்டி வரும் நேரமாகிவிட்டது என்று சுக்கூர் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். வாத்தியாரும் எழுந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். வடக்கே எல்லைக்கோடு என்று ஒன்றை முதலில் வரைந்தது யார், எந்த வருஷம் என்று சுக்கூர் கேட்டார். வாத்தியார் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.